பீச் மரத்தில் நவரத்தினத்தின் மகள்

சாருஜா மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் படம் டென்மார்க்கின் ஒடென்சே நகரில் உள்ள தமிழர்கள் எல்லாருடைய கைபேசிக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்று வில் வேட்டைக்காரரைப் பற்றி எழுத வந்து எடுத்த படம் அது. பெரிய பீச் மரம். ஏழு மீற்றர் உயரத்தில் அடிமரத்தோடு சேர்த்துக் கட்டிய கயிற்றில் பின்பக்கமாகச் சாய்ந்து, கால்களை மரத்தில் ஊன்றி, கையில் வில்லோடு அவள் இருந்தாள். இருக்க நாற்காலியோ பலகையோ கிடையாது. இடுப்பையும் தொடையையும் சுற்றிப் பிடிக்கும் அகலமான பட்டிதான் இருக்கை. அதை வேட்டைக்காரர்கள் சாடில் என்பார்கள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒடென்சே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வேட்டை அவளைத் தேடி வந்தது ஒரு முழங்காலால்தான். லீஸெ என்ற அறுபது வயதுப் பெண்ணுக்கு முழங்கால் மாற்றியிருந்தார்கள். நோயாளிகள் எல்லாரிடமும் கேட்பதுபோல அவளிடமும் சாருஜா, "கால் சரியானதும் என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டாள்.

"மரம் ஏறவேணும்" என்றாள் லீஸெ.

சாருஜா பகிடி என்று நினைத்தாள். பகிடி இல்லை. ஃபாபோர்க் பக்கத்தில் லீஸெக்குச் சொந்தமாக ஒரு காடு இருந்தது. கால் சரியானபின் அவள் சாருஜாவைக் காட்டுக்கு அழைத்து, புது முழங்காலோடு தானே ஏறிக் காட்டினாள். அன்றைக்கே சாருஜாவுக்கு ஆசை பிடித்துவிட்டது. வேட்டைச் சோதனை எழுதினாள். பிறகு வில்லுக்கு வேறாகச் சோதனை. முதல் தடவை வில்லில் தோற்றாள். அழுதுவிட்டு மறுபடி போய்ப் பாஸ் பண்ணினாள்.

வில்லைவிட அவளுக்குப் பிடித்தது ஏறுவதுதான். மரத்துக்கு ஆணி அடிப்பதில்லை, கிளை வெட்டுவதில்லை. முழங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் கூடிய அலுமினியத் தடிகள் நாலு. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு படி, கீழே ஒரு படி. முதல் தடியை நெஞ்சு உயரத்தில் மரத்தோடு பட்டியால் இறுக்கவேண்டும். அதன் அடியில் எய்டர் தொங்கும். எய்டர் என்பது நாடாவால் தைத்த ஏணி மாதிரி, காலை நுழைக்கிற வளையங்கள். அதில் கால் வைத்துத் தடிக்கு ஏறி, இடுப்பில் கொளுவிய கயிற்றை மரத்தைச் சுற்றி மேலே எறிந்து சாய்ந்து, இரண்டு கையும் விட்டபடி அடுத்த தடியைத் தலைக்கு மேலே கட்டவேண்டும். பிறகு எய்டரைக் கழற்றி அடுத்ததில் மாட்டவேண்டும். இப்படி நாலு தடியில் ஏழு மீற்றர். இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், மரத்தில் யாரும் ஏறிய அடையாளமே இருக்காது.

படம் வந்த அடுத்த சனிக்கிழமை ஒரு சாமத்திய வீடு, தெரிந்தவர்களின் மகள் பெரியபிள்ளையான கொண்டாட்டம். பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாருஜா அப்பா நவரத்தினத்தோடும் அம்மா யோகமலரோடும் போயிருந்தாள். எல்லாரும் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். "உண்மையாவே நீயோ அது?" என்று சின்னப் பெட்டைகள் கேட்டார்கள். சாப்பாட்டு மேசையில் நவரத்தினத்துக்கு எதிரே சண்முகலிங்கம் இருந்தார். ஒடென்சேத் தமிழ்ச் சங்கத்தில் நெடுங்காலம் தலைவராக இருந்தவர். கோயில் கூட்டம், தமிழ்ப் பள்ளி, கலைவிழா எதுவானாலும் மைக் முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

"என்ன நவரத்தினம்," என்றார் அவர், பக்கத்து மேசைக்கும் கேட்கிற குரலில். "டென்மார்க்குக்கு வந்து இவ்வளவு காலமாகியும் நீங்கள் மரத்தை விடேல்லைப் போல கிடக்கு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். வேறு சிலர் குனிந்து சோற்றைப் பார்த்தார்கள். நவரத்தினம் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். எழும்பிப் போய்க் கை கழுவினார். மனைவியின் மேலங்கியையும் மகளுடையதையும் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

சாருஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனிசன் பகிடிதானே விட்டார். காரில் வரும்போது கேட்டாள். அப்பா கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் திரும்பி, "விடு பிள்ளை, இப்ப வேண்டாம்" என்றாள்.

அந்தக் கிழமை முழுக்க நவரத்தினம் அதிகம் கதைக்கவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, இப்போது பென்ஷனுக்குக் கிட்ட நிற்கிற மனிதர். வேலைக்குப் போவார், வருவார், குளிப்பார், செய்தி பார்ப்பார். வெள்ளிக்கிழமை சாருஜா பெற்றோரிடம் சாப்பிட வந்தபோது, சாப்பாடு முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, வேட்டைக்குப் போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. ஆனா மரத்திலை ஏறாதை. மற்ற ஆக்கள் மாதிரி ஏணி வைச்ச பரண் ஒண்டிலை இரன்."

"வோஃபோ?" அவசரமாக ஏன் என்று கேட்கும்போது அவளுக்கு டேனிஷ்தான் முன்னால் வரும். பிறகு தமிழில், "நான் விழுந்திடுவன் எண்டு பயப்பிடுறியளோ? ஒரு கயிறு விட்டால் மற்றக் கயிறு பிடிக்கும் அப்பா. நிலத்திலையிருந்து திரும்ப நிலத்துக்கு வருமட்டும் நான் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறன்."

"பயமில்லை."

"அப்ப என்ன?"

யோகமலர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகப் போனவள், திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தாள்.

"சொல்லுங்கோவன். வேறை ஆரும் சொல்லி அவள் அறியிறதிலும் நீங்கள் சொல்லுறது நல்லது."

நவரத்தினம் மேசை விரிப்பைக் கையால் தடவி நேராக்கினார். "என்ரை அப்பு பனை ஏறினவர்" என்றார். "அவரின்ரை அப்புவும் அதுதான். கள்ளுச் சீவுறது. நானும் பதின்மூண்டு வயசிலையிருந்து ஏறினனான், ஊரை விட்டு வருமட்டும். எங்கடை ஆக்களை மரம் ஏறுற ஆக்கள் எண்டுதான் சொல்லுவினம். தேத்தண்ணிக் கடையிலை எங்களுக்கு வேறை தகரப் பேணி. கோயிலுக்குள்ளை விடமாட்டினம், வீதியிலை நிண்டு கும்பிடவேணும். சண்முகலிங்கத்தார் எங்கடை பக்கத்து ஊர். அவருக்கு எல்லாம் தெரியும். இஞ்சை வந்த முதல் வருசமே என்னை ஆரெண்டு விசாரிச்சு வைச்சிருந்தவர்."

சாருஜா, "அதிலை என்ன?" என்றாள்.

"அதிலை என்ன எண்டு கேக்க உன்னாலை ஏலும் பிள்ளை. என்னாலை ஏலாது. நான் இஞ்சை வந்து எத்தினை ஆக்களோடை வேலை செய்திருக்கிறன். டேனிஷ்காரன், துருக்கிக்காரன், சோமாலியாக்காரன். உன்ரை அப்பன் என்ன வேலை செய்தவன் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. கேட்டது எங்கடை ஆக்கள் மட்டும்தான். நீ படிச்சு, நல்ல வேலை எடுத்து, எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். இப்ப நீ போய் மரத்திலை ஏறி, அதைப் பேப்பரிலையும் போட்டிட்டாய்."

அவர் மேசை விரிப்பின் ஓரத்தைத் திரும்பவும் இழுத்து நேராக்கினார். சாருஜா அதைக் கவனித்தாள். ஆனால் அவளுடைய மனம் வேறெங்கோ போயிருந்தது.

"அப்பப்பா எவ்வளவு உயரம் ஏறுவார்?"

"என்ன?"

"உயரம். எத்தினை மீற்றர்?"

"பனையைப் பொறுத்தது. அறுபது அடி, எழுபது அடி. உன்ரை கணக்கிலை இருபது மீற்றர் வரும்."

"இடுப்பிலை கயிறு?"

"இடுப்பிலை கத்தியும் கள்ளு முட்டியும்தான். கயிறு ஆரிட்டை இருந்தது? காலிலை தளநார் மட்டும். ரெண்டு காலையும் சேத்துப் போடுற வளையம்."

"காலமை ஒருக்கால் ஏறுவாரோ?"

"காலமையும் பின்னேரமும். ஒரு மரத்திலை இறங்கி அடுத்த மரம். அப்பிடியே போகும்."

சாருஜா கையிலிருந்த தண்ணீர்க் கிளாசை வைத்துவிட்டாள். நாலு தடி, இரண்டு கயிறு, எய்டர், பட்டி, கொளுக்கி எல்லாவற்றோடும் ஏழு மீற்றர் ஏறித் தான் எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். உடம்பு எப்படி வேலை செய்யும் என்று படித்தவள் அவள். அந்தக் கால்கள், அந்த முதுகு, அந்தக் கைப்பிடி எப்படி இருந்திருக்கும் என்று அவளால் கணக்குப் பார்க்க முடிந்தது. தமிழில் சொல் தேடினாள். கிடைக்கவில்லை.

"ஸாய்" என்றாள். துணிவும் கெட்டித்தனமும் உறுதியும் ஒன்றாகச் சேர்ந்தவரை டேனிஷ்காரர் சொல்லும் சொல் அது. "அப்பா, அவர் சரியான ஸாய். நீங்களும்தான். இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

நவரத்தினம் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார். யோகமலர் மகளைப் பார்த்தாள். தாயின் கண் கலங்கியிருந்தது.

போகும்போது சாருஜா பல்கனிக் கதவைத் திறந்து சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை நான் காட்டுக்குப் போறன். சுடுறதுக்கில்லை, மரம் பாக்க. லீஸெ கோப்பன்ஹேகனிலை மகளிட்டை நிக்கிறா. நான் தனிய ஏறுறதில்லை, கீழை ஒராள் நிக்கவேணும். நீங்கள் வாங்கோ."

"நான் வரேல்லை."

குசினிக்குள்ளிருந்து யோகமலரின் குரல் வந்தது. "பிள்ளை மரத்திலை ஏறப்போறாள், நீங்கள் இஞ்சை இருந்து ரீவி பாக்கப்போறியளோ? நீங்கள் போகாட்டில் நான் போறன். எனக்கு மரமும் தெரியாது, மண்ணும் தெரியாது. அவள் விழுந்தால் நானும் பக்கத்திலை விழுவன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தொழிற்சாலையில் கொடுத்த நீல மழை அங்கியைப் போட்டிருந்தார். ஃபாபோர்க் போகும்வரை காரில் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒக்டோபர் தொடங்கியிருந்தது. காட்டில் பீச் இலைகள் மஞ்சளாகி, நிலம் முழுக்க ஈரமாகக் கிடந்தது.

சாருஜா ஒரு மரத்தைத் தெரிந்தெடுத்தாள். மான்கள் வயலுக்குப் போகும் தடம் பக்கத்தில் இருந்தது. காற்று தடத்திலிருந்து மரத்துக்கு வந்தது. பட்டியைக் கட்டினாள், தடிகளை இடுப்பின் இரண்டு பக்கமும் கொளுவினாள், முதல் தடியை இறுக்கினாள், எய்டரில் கால் வைத்தாள். நவரத்தினம் கைகளை அங்கிப் பைக்குள் விட்டபடி நின்று பார்த்தார். மேலே போகப்போக அவருடைய தலையும் நிமிர்ந்துகொண்டே போனது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தடியையும் கட்டியபின் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. கடைசித் தடிக்கு மேலே உள்ளங்கை அகலமான ஒரு சின்னத் தட்டைப் பொருத்தி, அதில் காலை ஊன்றி, தலைக்கு மேலே கயிற்றைக் கட்டிப் பின்னுக்குச் சாய்ந்தாள். காற்றில் இருப்பது அவளுக்குக் கதிரையில் இருப்பது போல இருந்தது. அப்படியே மரத்தைச் சுற்றி மறுபக்கம் போனாள். கீழே நின்ற அப்பாவுக்கு மரம் மட்டும்தான் தெரிந்தது, மகள் தெரியவில்லை.

"எங்கை பிள்ளை?" என்று கேட்டார்.

"இஞ்சைதான்." மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது. "மான் இந்தப் பக்கத்தாலை வந்தால் நான் அந்தப் பக்கம். விளங்குதே?"

அவள் இறங்கி வந்தபோது நவரத்தினம் குனிந்து எய்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். நாடாவை இழுத்தார், தையலைப் பார்த்தார், வளையத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"ஒருக்கால் நான் ஏறிப் பாக்கட்டே?" என்றார்.

லீஸெயின் சாடில் காரில் இருந்தது. சாருஜா உடனே ஓம் சொல்லவில்லை. ஈரமரக்குற்றி ஒன்றில் அவரை இருத்தி, முழங்கால்களை மடித்துப் பார்த்தாள், இடுப்பைத் திருப்பிப் பார்த்தாள், தோளை உயர்த்தச் சொன்னாள். "நோகுதெண்டால் உடனை சொல்லவேணும். பொறுத்துக்கொண்டு ஏறக்கூடாது."

"சரி டொக்டர்."

முதல் தடவை எய்டரில் கால் வைத்ததும் அது மரத்தைச் சுற்றி மறுபக்கம் வழுக்கி ஓடியது. நவரத்தினம் மல்லாந்து, கயிற்றில் தொங்கிக்கொண்டு, கால் இரண்டும் வானத்தைப் பார்க்கக் கிடந்தார். சாருஜா சிரிப்பை அடக்கினாள். அவருக்குக் கோபம் வந்தது.

"பனை இப்பிடி ஆளை விழுத்தாது. சொரசொரப்பாய் இருக்கும். இது எண்ணெய் பூசின மாதிரிக் கிடக்கு."

"இது பனை இல்லை அப்பா. நீங்கள் கட்டிப்பிடிக்கப் பாக்கிறியள். அதை விடுங்கோ. கயிறு பிடிக்கும். கால் பெருவிரலை மரத்தோடை அமத்தி, முழங்காலை வெளியாலை விட்டு, நேர மேலை எழும்புங்கோ."

அன்றைக்கு இரண்டாவது தடிவரை போனார். அவருடைய கைக்குப் பழைய பழக்கம் இருந்தது. அதுதான் பெரிய தொந்தரவாகவும் இருந்தது. கையை விட்டுக் கயிற்றை நம்பி இருக்க அவருக்கு வரவில்லை. "கயிறில்லாமல் பழகின உடம்பு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சண்முகலிங்கம் கதைத்த நாளிலிருந்து சாருஜா பார்த்த முதல் சிரிப்பு அது.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். ஒருநாள் நாலாவது தடியையும் தாண்டித் தட்டில் ஏறி, தலைக்கு மேலே கயிற்றைக் கட்டி, இரண்டு கையையும் விட்டார். வயல்கள், சிவப்பு ஓட்டு வீடுகள், தூரத்தில் சுழலும் காற்றாலைகள், அதற்கும் அப்பால் கடல் எல்லாம் தெரிந்தது. சாருஜா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போனது.

"இறங்குவமா அப்பா?"

"பொறு பிள்ளை" என்றார் அவர். "பனையிலை நிண்டு ஒருநாளும் நான் சுத்திப் பாத்ததில்லை. வேலைதான் பாத்தது. இறங்குவன், பொறு."

ஒக்டோபர் கடைசியில் ஒரு பின்னேரம் இரண்டு பேரும் வேட்டைக்குப் போனார்கள். லீஸெ காட்டின் மறு கரையில் தன் மரத்தில் இருந்தாள். சாருஜாவும் நவரத்தினமும் ஒரே பீச் மரத்தில் முதுகுக்கு முதுகாகத் தொங்கினார்கள், நடுவில் மரம். கதைக்கக்கூடாது, அசையக்கூடாது, இருமக்கூடாது. நவரத்தினத்துக்கு மூக்குக் கடித்தது. சொறியவில்லை.

முதலில் ஒரு பெட்டை மானும் குட்டியும் வந்தன. ரோ மான்கள் சின்னவை, ஆட்டின் அளவுதான். வேட்டைக்காலம்தான், சுடலாம். சாருஜா வில்லைத் தூக்கவில்லை. தாயும் குட்டியும் மரத்துக்கு நேர் கீழே நின்று பீச் கொட்டைகளைத் தின்றுவிட்டுப் போயின. ஒன்றும் மேலே பார்க்கவில்லை. நவரத்தினம் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் குட்டியின் முதுகையே பார்த்தார்.

வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியபோது கடா மான் வந்தது. தடத்தில் வரவில்லை. நவரத்தினத்தின் பக்கமாக, புதருக்குள்ளால் வந்தது. அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. மரத்தில் விரலால் மெல்லத் தட்டினார். சாருஜா திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றில் சாய்ந்தபடி, ஒரு காலை எடுத்து, ஊன்றி, மற்றக் காலை எடுத்து, மரத்தைச் சுற்றி அவருடைய தோளருகே வந்து சேர்ந்தாள். இலை விழுகிற சத்தம்கூட இல்லை. கடா முன்பக்கத்தைக் காட்டி நின்றது. அப்படி நின்றால் அம்பு விடக்கூடாது, காயப்பட்டு ஓடிவிடும். அவள் பொறுத்தாள். வில்லைப் பாதி தூக்கியபடியே வைத்திருந்தாள். அந்தப் பாரம் தன் தோளிலும் இறங்குவதுபோல நவரத்தினத்துக்குப் பட்டது. கடா தலையைத் திருப்பியது, இரண்டு அடி நடந்து பக்கவாட்டில் நின்றது. அவள் நாணை இழுத்தாள். விட்டாள்.

கடா பாய்ந்தது. பன்னச் செடிப் புதருக்குள் ஓடி, தடுமாறி, விழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சாருஜா வில்லைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு நெற்றியை மரத்தோடு வைத்துக்கொண்டாள். நவரத்தினம் கையை நீட்டி அவளுடைய முதுகில் வைத்தார். சுடச்சுட இறங்கி ஓடக்கூடாது என்பது விதி. இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

இறங்கி வரும்போது அவர் முன்னால் இறங்கினார். அவள் மேலிருந்து தடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தர, வாங்கி அடுக்கினார். கடா ஒரே அம்பில், நெஞ்சில் பட்டு இறந்திருந்தது. லீஸெ வந்து சேர்ந்தாள். தேவதாரு மரத்தில் ஒரு சின்னக் கிளை முறித்து மானின் வாயில் வைத்தாள். வேட்டைக்காரர் மானுக்குக் கொடுக்கும் கடைசிக் கவளம் அது. தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு மூன்று பேரும் மானைச் சுற்றி நின்றார்கள். பிறகு லீஸெ, "க்னெக் ஓ ப்ரெக்" என்று சாருஜாவின் கையைக் குலுக்கினாள். வேட்டைக்காரர் தங்களுக்குள் சொல்லும் வாழ்த்து அது. அடுத்து நவரத்தினத்தின் கையைப் பிடித்தாள்.

"இப்படி ஒரு மகள்! இவளைப்போல மரத்தில் சத்தமில்லாமல் அசைகிறவர்களை நான் கண்டதில்லை" என்றாள் டேனிஷில்.

நவரத்தினம் தொழிற்சாலையில் படித்த டேனிஷில் பதில் சொன்னார். "என் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஒவ்வொரு நாளும் இருபது மீற்றர்ப் பனைமரம் ஏறினவர். கயிறு இல்லாமல். அதுதான் அவருடைய தொழில். நானும் ஏறினேன்."

லீஸெ வாயைத் திறந்தபடி நின்றாள். "கயிறு இல்லாமலா?"

"கயிறு இல்லாமல்."

வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டிருந்த மகளிடம் அவர் சொன்னார். "டேனிஷிலை சொல்ல எவ்வளவு லேசாய் இருந்தது தெரியுமே. வாயிலை வந்திட்டுது. தமிழிலை சொல்லுறதெண்டால் இந்தத் தொண்டைக்குள்ளை நிக்கும்."

"எனக்குச் சொன்னீங்கள்தானே, தமிழிலை."

"உனக்குச் சொன்னன். ஓம்." கார் ஒடென்சேக்குள் நுழையும்போது, "மண்டபம் ஒண்டு எடுக்கவேணும்" என்றார்.

அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள் நவம்பர் கடைசியில் வந்தது. அதுவரை ஒரு பிறந்தநாளையும் வீட்டுக்கு வெளியே கொண்டாடாதவர் அன்றைக்கு மண்டபம் எடுத்தார். எல்லாருக்கும் தானே போன் அடித்துச் சொன்னார். சண்முகலிங்கத்துக்கும் அடித்தார். "ஏன் அந்த ஆளை?" என்று யோகமலர் கேட்டதற்கு, "அவர் வராட்டில் நான் ஆருக்குச் சொல்லுறது?" என்றார்.

மான் இறைச்சியை அவரே வெட்டினார். வெட்டுக்கத்தி அவருடைய கைக்குப் பழகிய சாமான். யோகமலர் மிளகு கூட்டிப் பெரிய சட்டியில் காய்ச்சினாள். மண்டபத்து வாசலில் பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு படம், லீஸெ எடுத்தது. அதில் மரத்தின் ஒரு பக்கம் சாருஜா, மறுபக்கம் நீல அங்கியில் நவரத்தினம்.

கேக் வெட்டியபின் அவர் மைக்கைக் கேட்டு வாங்கினார். மைக் பிடித்து அவருக்குப் பழக்கமில்லை. முதலில் தூரப் பிடித்தார், பிறகு வாய்க்குள் போட்டுவிடுவதுபோலக் கிட்டப் பிடித்தார்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி," என்றார். "வாசலிலை படம் பாத்திருப்பியள். என்ரை மகள் மரம் ஏறுறாள். நானும் ஏறுறன். என்ரை அப்பு கணவதி வடமராட்சியிலை பனை ஏறிக் கள்ளுச் சீவினவர். அந்தக் காசிலைதான் நாங்கள் ஆறு பேர் வளந்தம், நான் பள்ளிக்கூடம் போனன், அந்தக் காசிலைதான் இஞ்சை வந்தன். இதை இவ்வளவு காலமும் நான் இந்த ஊரிலை வாயாலை சொன்னதில்லை. தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். இனி எல்லாருக்கும் தெரியட்டும் எண்டுதான் கூப்பிட்டனான். மகள் அடிச்ச மான் இறைச்சி இருக்கு. இருந்து சாப்பிடுங்கோ."

மைக்கை வைத்தார். பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் கதிரையை இழுத்து விளையாடியது.

சண்முகலிங்கம் எழும்பினார். மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த மனைவி சரோஜினிதேவியைப் பார்த்து, "வாரும், போவம்" என்றார். சரோஜினிதேவி எழும்பவில்லை. தட்டை மடிப்பக்கம் இழுத்து வைத்தாள்.

"நீங்கள் போறதெண்டால் போங்கோ" என்றாள், எல்லாருக்கும் கேட்க. "ஒரு மனிசன் தன்ரை தேப்பனைப் பற்றிப் பெருமையாய்க் கதைச்சதுக்கு நான் ஏன் எழும்பவேணும்? நான் சாப்பிட்டிட்டு பஸ்ஸிலை வாறன்."

அவர் மேலங்கியைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு தனியே வெளியே போனார். இன்னும் ஒரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது. மற்றவர்கள் இருந்தார்கள்.

அப்போதுதான் அந்தோனிதாசன் வந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் நவரத்தினத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்று வேலை செய்தவர். பருத்த மனிதர், கண் சிவந்திருந்தது.

"மச்சான்" என்று நவரத்தினத்தின் இரண்டு தோளையும் பிடித்தார். "என்ரை ஐயாவும் ஏறினவர்தான். சூசை எண்டு பேர். மழைக்காலத்திலை விழுந்து, இடுப்பு முறிஞ்சு, திரும்பவும் எழும்பி ஏறினவர். முப்பது வருசம் தோளோடை தோள் நிண்டம். நீயும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை."

நவரத்தினம் அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு சாருஜா நின்ற மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, இவரின்ரை ஐயா சூசை. அவரும் பனை ஏறினவர். கேட்டு வைச்சுக்கொள்."

"எனக்கு ஒரு விசயம் தெரியவேணும்" என்று அந்தோனிதாசன் வயிற்றைத் தடவினார். "அந்தப் பட்டி எத்தினை கிலோ தாங்கும்?"

"நூற்றிமுப்பது, மாமா."

"அப்ப என்னைத் தாங்கக் காணும்."

சாருஜா சிரித்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். கணவதியின் மகன், சூசையின் மகன். கணவதியும் சூசையும் கயிறில்லாமல் தொட்ட உயரத்தைத் தன்னால் ஒருநாளும் தொட முடியாது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு நெஞ்சு நிறைந்த சந்தோசமாக இருந்தது. மேசைக்கு முன்னால் ஆட்கள் தட்டோடு வரிசையாக வந்து நின்றார்கள். வரிசையின் முன்னால் சரோஜினிதேவி நின்றாள்.

"எனக்கு எலும்பில்லாமல் போடு மோனை" என்றாள். "பல்லு முந்தின மாதிரி இல்லை."

சாருஜா சட்டியைக் கிண்டி, நல்ல துண்டாகப் பார்த்துத் தேடி எடுத்துப் போட்டாள்.